ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நான்கு

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய லாரிக்காரர் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த ஆறு எண்களையும் இதே வரிசையில் சொல்லிவிடுவார். ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினில் எதற்குப் பின் எது வெடிக்கும் என்ற வரிசை இது. பெர்க்கின்ஸ் பி6, லேலண்டு காமெட், டாடா பென்ஸ் என எங்கள் ஊருக்கு வந்த மூன்று இன்ஜினுக்கும் வரிசை இதுவேதான். பதினாறாம் வாய்ப்பாட்டில் தடுமாறிய பையன்கள்கூட இதில் தடுமாறியதில்லை. பள்ளிக்கூட விடுமுறையில் அப்பாவின் வண்டியில் ஏறிய நானும் முதலில் கற்றது இதைத்தான்.

கொங்கு நாட்டு லாரித் தொழில் வளர்ந்த கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக வானம் பார்த்த பூமியையும், சீட்டு பிடித்துச் சேர்த்த பணத்தையும், பைனான்ஸ்காரர்களையும், நாமக்கல்லின் பாடி கட்டும் பட்டறைகளையும் சொல்வார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதைகளில் இன்ஜினே வருவதில்லை என்பது எனக்கு நெடுநாள் குறை. மழையில்லாத காட்டை விட்டுவிட்டுக் கிளீனராகப் போன பையன் பத்துப் பதினைந்து வருடத்தில் நாலு பேரோடு பங்கு சேர்ந்து ஒரு வண்டிக்குச் சொந்தக்காரன் ஆனான் என்றால், அந்த வண்டி ரிப்பேரானால் அவனே கழற்றி மாட்ட முடிந்தது என்பதால்தான் அது நடந்தது. கம்பெனி சர்வீஸ் கூலியைக் கொடுத்து ஒற்றை வண்டிக்காரன் எவனும் தவணை கட்டியிருக்க மாட்டான். அன்றைய டீசல் இன்ஜின் ஓட்டுகிறவன் கைக்கு அடங்கியிருந்தது. எங்கள் ஊரின் வளர்ச்சியில் பாதி அதற்குச் சேர வேண்டியது.

டீசல் இன்ஜினுக்கு அந்தக் குணம் பிறவியிலேயே வந்ததல்ல. ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க்கில் ஓடவிட்டுக் காட்டிய இன்ஜினில், அழுத்திய காற்றைக் கொண்டுதான் எண்ணெயைச் சிலிண்டருக்குள் ஊதினார்கள். அந்தக் காற்றைத் தயாரிக்கவே தனியாக ஒரு கம்ப்ரசர் வேண்டும். தொழிற்சாலையிலும் கப்பலிலும் அது சரிப்படும். சாலையில் ஓடும் வண்டியில் வைக்க முடியாது. 1924இல் ஜெர்மனியில் டீசல் லாரிகள் வெளியே வந்தன. 1927இல் பாஷ் கம்பெனி, அழுத்திய காற்று இல்லாமலே எண்ணெயைச் சிலிண்டருக்குள் தள்ளும் வரிசைப் பம்ப்பை மொத்தமாகத் தயாரிக்கத் தொடங்கியது. ஆறு சிலிண்டருக்கு ஆறு சிறு பிளஞ்சர், ஒரே கேம் ஷாஃப்ட்டில் வரிசையாக. டீசல் லாரி எல்லோருக்குமான வண்டியானது இந்தப் பம்ப்பால்தான். நம் நாட்டில் இந்தப் பம்ப்பைச் செய்யப் பாஷ் கம்பெனியோடு சேர்ந்து 1951இல் பெங்களூரில் மைக்கோ தொடங்கியது. எங்கள் பட்டறைகளில் பம்ப் என்றாலே மைக்கோ பம்ப்தான்.

டீசல் வருவதற்கு முன் எங்கள் பக்கம் ஓடியவை பெட்ரோல் வண்டிகள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பஸ்களின் பின்னால் உருளையைக் கட்டிக் கரியை எரித்து, அந்த வாயுவில் ஓட்டினார்கள். போர் முடிந்த பின், சென்னையில் 1840 முதல் கோச்சு வண்டி கட்டி வந்த சிம்சன் கம்பெனி 1950களில் பெர்க்கின்ஸ் பி6 டீசல் இன்ஜினைச் செய்தது. பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு பி6ஐ ஏற்றிய ஃபார்கோ, பெட்ஃபோர்டு வண்டிகள் எங்கள் சாலைகளில் நிறைய ஓடின. 1948இல் ஆஸ்டின் கார் பூட்டுவதற்காகத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் லேலண்டோடு கைகோத்து எண்ணூரில் காமெட் சேசிஸைப் பூட்டி, 1955இல் அசோக் லேலண்டு ஆனது. அதற்கு ஒரு வருடம் முன்பு, 1954இல், ஜாம்ஷெட்பூரில் டாடாவும் டெய்ம்லர் பென்ஸும் சேர்ந்து லாரி செய்யத் தொடங்கின. அந்த ஒப்பந்தம் 1969இல் முடிந்து, முகப்பில் இருந்த பென்ஸ் நட்சத்திரம் போனது.

இங்கிலாந்தில் இருந்து வந்த வண்டி, ஜெர்மனியில் இருந்து வந்த வண்டி என்ற பேதம் எங்களுக்கு ஸ்பானரில்தான் தெரிந்தது. லேலண்டின் நட்டுகள் இன்ச் கணக்கு. டாடாவின் நட்டுகள் மில்லிமீட்டர். இரண்டு வண்டியும் வரும் பட்டறையில் இரண்டு செட் ஸ்பானர் இருக்கும். லேலண்டு இன்ஜினுக்குப் பெயரே இன்ச்சில்தான்: 350, 370, 400 என்பவை கன இன்ச் அளவுகள். டாடாவின் 697 என்றால் ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர். அதற்கு முந்தைய 692இல் போர் 92 மில்லிமீட்டர். கிளீனர் பையன் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கையை மட்டும் நீட்டுவான். மேலே இருக்கிறவர் எண்ணைச் சொல்வதற்குள் சரியான ஸ்பானர் கைக்கு வந்தாக வேண்டும். பள்ளிக்கூடம் முடிக்காத பையன்கள் இரண்டு அளவு முறையையும் விரல் நுனியில் வைத்திருந்தார்கள். இதை யாரும் படிப்பு என்று கணக்கில் எடுக்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

என் அப்பா 1960களில் பி6 வண்டியில் கிளீனராக ஏறி, காமெட் ஓட்டி, பிறகு உறவுக்காரர்களோடு பங்கு போட்டு டாடா வாங்கியவர். அவருடைய டூல்ஸ் பெட்டியில் ஓப்பன் எண்ட் ஸ்பானர், ரிங் ஸ்பானர், பெட்டி ஸ்பானர், ஃபீலர் கேஜ், ஹாக்சா பிளேடு, கேஸ்கட் வெட்டும் பேக்கிங் ஷீட், ஷெல்லாக், பழைய டியூப் துண்டுகள், ஒரு தகர டப்பா நிறையக் காப்பர் வாஷர், திருப்பூரில் இருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட் எல்லாம் இருக்கும். காப்பர் வாஷர் ஒருமுறை நசுங்கினால் இறுகிவிடும். திரும்பப் போட்டால் ஒழுகும். சோறாக்கும் ஸ்டவ்விலேயே அதைச் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகும். கேஸ்கட் வேண்டுமென்றால் பேக்கிங் ஷீட்டை அந்த இடத்தில் வைத்து, விளிம்பைச் சுத்தியல் உருண்டையால் மெல்லத் தட்டி, அச்சாக வெட்டி எடுத்துவிடுவார்கள்.

டேப்பட் பார்ப்பது, அதாவது வால்வு இடைவெளியைச் சரி செய்வது, விடியற்காலை வேலை. இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும். கிராங்க் புல்லியில் பெரிய ஸ்பானரைப் போட்டு ஒருவன் இன்ஜினைச் சுற்ற, ராக்கர் மூடியைக் கழற்றிவிட்டு மேலே ஒருவர் வால்வுகளைப் பார்ப்பார். ஆறாம் சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூடி ஒன்று திறக்கும் கணத்தில் ஆடுமானால், ஒன்றாம் சிலிண்டரில் இரண்டும் முழுசாக மூடியிருக்கிறது என்று பொருள். அங்கே கேஜை நுழைக்கலாம். இப்படி ஒன்றுக்கு ஆறு, ஐந்துக்கு இரண்டு, மூன்றுக்கு நான்கு என்று ஜோடி. மேலே சொன்ன வரிசையை நடுவில் ஒடித்துக் கீழும் மேலுமாக வைத்துப் பார்த்தால் ஜோடிகள் தாமாகவே அமைந்துவிடும். புத்தகம் இல்லாமல் இந்த வேலை நடந்தது இப்படித்தான்.

டாடா 697க்கு இன்லெட் 0.20 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.30. பட்டறைப் பேச்சில் எட்டு, பன்னிரண்டு. அது இன்ச்சின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. ஜெர்மன் இன்ஜினுக்கும் இங்கிலீஷ் அளவையே வாயில் வைத்துக்கொண்டிருந்தார்கள். எக்ஸாஸ்ட் வால்வு நெருப்பிலேயே கிடப்பது, சூட்டில் அதிகம் நீளும், அதனால் அதற்கு இடைவெளி கூடுதல். இடைவெளி குறைந்தால் வால்வு சரியாக உட்காராமல் எரிந்துபோகும். கூடினால் சத்தம், இழுவை போச்சு. கேஜின் தகடு சும்மா வழுக்கவும் கூடாது, சிக்கவும் கூடாது, லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். அந்தப் பிடியை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மேஸ்திரி என் விரல் மேல் தன் விரலை வைத்து இழுத்துக் காட்டினார்: "இது தாங் கண்ணு. இதை மறந்துறாதே."

டீசலில் காற்றுப் புகுந்தால் வண்டி நின்றுவிடும். டேங்க் வறண்டாலோ, ஃபில்டர் மாற்றினாலோ, குழாயில் எங்காவது மயிரிழை விரிசல் இருந்தாலோ ஏர் பிடித்துவிடும். பிளஞ்சர் எண்ணெயைத்தான் தள்ளும். காற்றை அமுக்கிக்கொண்டு சும்மா ஏறி இறங்கும். டேங்கில் இருந்து ஃபீட் பம்ப், அங்கிருந்து இரண்டு ஃபில்டர், பிறகு பெரிய பம்ப், கடைசியில் நாசில் என்பது டீசல் வரும் பாதை. ஏர் எடுக்கும்போதும் அதே பாதையில்தான் போக வேண்டும். முதலில் ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்ப்பின் குமிழைக் கையால் அடிப்பார்கள். நுரை வரும், குமிழ் வரும், பிறகு சுத்தமான டீசல் வரும். இறுக்கிவிட்டுப் பெரிய பம்ப்புக்குப் போக வேண்டும். அங்கும் அதேபோல். கடைசியில் நாசில் பைப்புகளின் நட்டைத் தளர்த்திவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் ஒவ்வொன்றாக டீசல் துப்பும். இறுக்கினால் இன்ஜின் முதலில் இரண்டு மூன்று சிலிண்டரில் தடுமாறி, பிறகு ஆறும் சேரும். முதல் ஃபில்டர் துணியால் ஆனது, டீசலில் அலசித் திரும்பப் போடலாம்; இரண்டாவது காகிதம், மாற்றியே ஆக வேண்டும். காகிதத்தையும் அலசிப் போட்ட கருமிகள் உண்டு. அவர்கள் மிச்சம் பிடித்ததற்குப் பல மடங்கைப் பம்ப் வேலைக்குக் கொடுத்தார்கள்.

எந்தச் சிலிண்டர் படுத்திருக்கிறது என்று கண்டுபிடிக்கக் காது போதும். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, நாசில் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் டீசல் வெளியே போய், இன்ஜின் சத்தம் உடனே தாழும். எந்த நட்டைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். அந்த நட்டுக்குச் சேரும் ஒரு ஸ்பானர் கையில் இருந்தால் போதும். புகையும் பேசும். கறுப்பு வந்தால் டீசல் அதிகம் அல்லது காற்றுக் குறைவு. நீலம் வந்தால் ஆயில் எரிகிறது, ரிங்கைப் பார்க்க வேண்டும். ஆயில் குச்சியை எடுத்தால் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அந்த இடத்தை விட்டு வண்டியை நகர்த்தக் கூடாது. தொப்பூர் கணவாயில் லோடோடு ஏறும்போது அப்பா பேச்சை நிறுத்திவிடுவார். இன்ஜின் தன் நிலையைச் சொல்வது அந்த ஏற்றத்தில்தான்.

அப்பா ஒரு நோட்டு வைத்திருந்தார். ஆயில் மாற்றியது, நாசில் மாற்றியது, எந்த ஊரில் என்ன உடைந்தது, என்ன செலவு என்று பென்சிலில் இருக்கும். சோலாப்பூருக்குப் பக்கத்தில் டேங்க் ஒழுகியபோது பார் சோப்பைத் தேய்த்து அடைத்துக்கொண்டு வந்ததும் அதில் இருக்கிறது. டீசல் சோப்பைக் கரைக்காது; அதனால் அந்த அடைப்பு நாள்கணக்கில் நிற்கும். ரேடியேட்டர் சிறிதாக ஒழுகினால் மஞ்சள் தூள். ராஜஸ்தான் பக்கம் போனால் ஏர் கிளீனரின் கிண்ணத்தில் உள்ள ஆயிலைப் புழுதி குழைத்துச் சேறாக்கிவிடும், அடிக்கடி கழற்றிக் கழுவி ஊற்ற வேண்டும். இமயமலை அடிவாரக் குளிரில் டீசல் உறைந்து மெழுகு கட்டும்போது டேங்குக்கு அடியில் நெருப்பு மூட்டினார்கள். அதை நான் யாருக்கும் சொல்லித்தர மாட்டேன். வடித்த கறுப்பு ஆயிலைக்கூட வீட்டில் வீணாக்கவில்லை. கரையான் ஏறாமல் இருக்க அம்மா அதைக் கூரைச் சட்டங்களுக்குப் பூசுவாள்.

கைக்கு அடங்காத வேலைகளும் இருந்தன, அவற்றின் எல்லையை எல்லோரும் அறிந்திருந்தார்கள். பம்ப்பின் பிளஞ்சருக்கும் அதன் பேரலுக்கும் நடுவே இரண்டு மூன்று மைக்ரான் இடைவெளிதான். ஒன்றோடொன்று தேய்த்து ஜோடியாகவே செய்தவை, மாற்றிப் போட முடியாது. அதனால் பம்ப்பை மட்டும் யாரும் ரோட்டோரத்தில் பிரிக்கவில்லை. காலிபிரேஷன் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே பெஞ்சில் ஓடவிட்டு, ஆறு கண்ணாடிக் குழாய்களில் விழும் எண்ணெயின் அளவைச் சமன் செய்து, கவர்னர் ஸ்க்ரூவுக்குக் கம்பி கட்டி ஈய முத்திரை வைத்துக் கொடுப்பார்கள். நாசில் திறக்கும் அழுத்தத்தையும், 697க்கு 200 கிலோ அளவில், அங்கேதான் வைப்பார்கள். ஏற்றத்தில் வேகம் வேண்டி அந்த முத்திரையை அறுத்து டீசலைக் கூட்டியவர்கள் இருந்தார்கள்; அவர்களின் வண்டிதான் ஊரெல்லாம் கறுப்புப் புகை கக்கியது. டீசலில் மண்ணெண்ணெய் கலந்து ஊற்றியவர்கள் செய்தது அதைவிட மோசம். பிளஞ்சருக்கு வழுவழுப்பைத் தருவது டீசலேதான். மண்ணெண்ணெயில் அது குறைவு, இரும்பு இரும்போடு உரசும். கிராங்க் தேய்ந்தால் லேத் பட்டறை. இன்ச்சின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று நான்கு முறை அரைக்கலாம், ஒவ்வொரு முறைக்கும் அந்த அளவுக்குத் தடித்த பேரிங் வரும். நாற்பதும் தாண்டினால் கிராங்க் பழைய இரும்புக் கடைக்கு.

ஒரு முழு இன்ஜின் வேலை மூன்று நான்கு மேஸ்திரிகளின் கையையும் இரண்டு பட்டறைகளின் இயந்திரத்தையும் கேட்டது. ஆனால் கழற்றுவது, சுத்தம் செய்வது, பொருத்துவது எல்லாம் ஓனரும் டிரைவரும் கிளீனரும். கூலி வெளியே போகவில்லை; அறிவும் வெளியே போகவில்லை. கிளீனர் இன்ஜினைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் நல்ல டிரைவர் ஆனான் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. ஆயுத பூஜைக்கு ஸ்பானரைக் கழுவிப் பொட்டு வைத்தவர்கள் சம்பிரதாயத்துக்காக வைக்கவில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் அது வரலாறாகாது. கிளீனராக வந்தவர்கள் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள். ஸ்பானர் தவறினால் அடி விழுந்தது. ராத்திரியில் லோடு மேல் படுத்தார்கள். கையில் ஊறிய ஆயில் போகாமல் சாப்பிட்டார்கள். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2012இல் உறுதியாக அறிவித்தது. அந்தப் புகைக்குள்ளேயே தலையை விட்டு நின்றவர்கள் எங்கள் மேஸ்திரிகள். அவர்களில் இருமாதவர் குறைவு. புகையைக் குறைக்கும் சட்டங்களை நான் வரவேற்கிறேன்.

அந்தச் சட்டங்களோடுதான் இன்ஜினின் மூடியும் மூடிக்கொண்டது. பாரத் ஸ்டேஜ் எனப்படும் புகை விதிகளில் பிஎஸ் 3 2010இல் நாடெங்கும் வந்தபோதும் பல லாரிகள் பழைய வரிசைப் பம்ப்பிலேயே சமாளித்தன. 2017 ஏப்ரலில் பிஎஸ் 4, 2020 ஏப்ரலில் பிஎஸ் 6. காமன் ரெயில், சென்சார், இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர், புகைக்குள் தெளிக்க ஆட் ப்ளூ எல்லாம் சேர்ந்தன. காமன் ரெயிலின் குழாயில் 1600 பாரும் அதற்கு மேலும் அழுத்தம் எப்போதும் நிற்கிறது. ஓடும்போது நட்டைத் தளர்த்திச் சிலிண்டரைப் பார்த்தால் பீறிடும் டீசல் தோலைக் கிழித்துச் சதைக்குள் போய்விடும். அரை நூற்றாண்டைத் தாண்டிய பழக்கம் ஒரே இரவில் ஆபத்தாகிவிட்டது. சில சென்சார்களின் ஒயர் அறுந்தாலே கம்ப்யூட்டர் இன்ஜினின் இழுவையைக் குறைத்துவிடும். எங்கே கோளாறு என்று தெரிய ஸ்கேனர் வேண்டும். ஸ்கேனர் வைத்திருப்பவர் வரும்வரை ரோட்டோரத்தில் நிற்க வேண்டும். ஒற்றை வண்டி ஓனர் தாங்க முடியாத செலவு அதுதான். எங்கள் பக்கத்தில் ஒற்றை வண்டிக்காரர்கள் குறைந்து, பெரிய ஓனர்களிடம் வண்டிகள் சேர்ந்துகொண்டு வருவதற்குத் தவணையும் டீசல் விலையும் சுங்கச்சாவடியும் காரணம் என்பார்கள். இதையும் அந்த வரிசையில் சேர்க்க வேண்டும். புகை குறைந்த இன்ஜினை அதன் சொந்தக்காரன் பிரித்துப் பார்க்கவும் வழி வைத்தே செய்திருக்கலாம். கோளாறின் எண்ணையாவது டிரைவருக்கு எதிரே திரையில் தமிழில் காட்டியிருக்கலாம். இயந்திரம் அதைத் தடுக்கவில்லை.

பழைய இன்ஜின்கள் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை. டாடாவின் 1210 வண்டிகள் தண்ணீர் லாரிகளாக ஊருக்குள் ஓடுகின்றன. சேசிஸ் போன பிறகும் சில இன்ஜின்கள் குவாரியில் தண்ணீர் இறைக்கின்றன. எனக்கும் ஒன்று இருக்கிறது, அதன் டேப்பட்டை நானே பார்க்கிறேன். காலிபிரேஷன் பட்டறைகளில் காமன் ரெயில் பெஞ்சுகள் வந்துவிட்டாலும் மூலையில் பழைய பெஞ்சுக்கும் வேலை கிடைக்கிறது.

அந்தப் பெஞ்சில் கை வைத்தவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலையை நான் தொடங்கியிருக்கிறேன். எங்கள் பக்கத்து மேஸ்திரிகளில் மூத்தவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. பி6 இன்ஜினை இறக்கி ஏற்றியவர் எனக்குத் தெரிந்து இப்போது அவர் ஒருவர்தான். டாடாவில் டைமிங் கியர், பி6இல் செயின். செயின் தளர்ந்தால் பம்ப்பின் டைமிங்கும் வால்வின் டைமிங்கும் சேர்ந்தே பிசகும். அதை எவ்வளவு இறுக்கத்தில் கட்டினார்கள், தளர்ந்ததைச் சத்தத்தில் எப்படிப் பிடித்தார்கள் என்பதை அப்பாவின் நோட்டு சொல்லவில்லை. "வெய்யத் தாழ வாங்க, பழைய செயின் துண்டு ஒண்ணு கெடக்குது, வெச்சே காட்டறேன்" என்று சொல்லியிருக்கிறார்.